பாதிக் கோர்ட்

2024 ஆகஸ்ட் 28, புதன்

பாரிஸ் வந்து நான் செய்த முதல் காரியம் படி எண்ணியது. தங்கும் அறை இரண்டாம் மாடி. பிரெஞ்சுக்காரர்களின் இரண்டாம் மாடிக்கே நம் ஊர் மூன்றாம் மாடி மாதிரி ஏறவேண்டியிருக்கிறது. மொத்தம் நாற்பத்தொரு படி, லிஃப்ட் கிடையாது. கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை என் நடையைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, படியாலை ஏறுவீங்களோ? ஏலாட்டிச் சொல்லுங்கோ, கீழை கடைக்குப் பின்னாலை ஒரு கட்டில் போட்டுத் தாறன்."

ஏறிவிடுவேன் என்றேன். நேரம் ஆகும், அவ்வளவுதான்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. கல்லூரி முடியும்வரை காலிபர் (கால் தாங்கி) போட்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். இடது கையால் தொடையை அழுத்தி, உடம்பைச் சாய்த்து ஒரு எட்டு, நேராக ஒரு எட்டு என்று நடப்பேன். என் வயதுக்காரர்கள் இப்படி நடப்பதை நம் ஊரில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இந்த நடையோடு இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் ஆடுகிறேன். நன்றாக ஆடுகிறேன் என்று சொல்லவில்லை.

நின்றுகொண்டே ஆடும் ஊனமுற்றவர்களின் ஆட்டத்தை நேரில் பார்க்கவேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் காரணம். பாராலிம்பிக்கில் டென்னிஸ் என்றால் சக்கர நாற்காலி டென்னிஸ் மட்டும்தான். நின்று ஆடும் ராக்கெட் ஆட்டம் வேண்டுமென்றால் ஷட்டிலைத்தான் பார்க்கவேண்டும். அதனால் நான்கு நாள் ஷட்டில், நடுவே ஒரு நாள் டென்னிஸ் என்று டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

இரவு பாராலிம்பிக் தொடக்க விழாவைக் கடை டிவியில் பார்த்தோம். விளையாட்டரங்கத்தில் இல்லை, ஷான்செலிஸே சாலையிலும் கொங்கோர்ட் சதுக்கத்திலும் நடந்தது. இந்தியக் கொடியை சுமித் அந்திலும் பாக்யஸ்ரீ ஜாதவும் கொண்டுவந்தார்கள். அண்ணை கல்லாவைப் பூட்டிவிட்டு எனக்கு ஒரு கொத்து ரொட்டி வரவழைத்தார். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

வரைபடத்தைப் பார்த்தபோது நம்பவில்லை, நடந்து பார்த்ததும் நம்பினேன். "சின்ன யாழ்ப்பாணம்" என்று இங்குள்ளவர்கள் சொல்லும் தெருவும் ஷட்டில் அரங்கமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. ஃபோபூர் சான் தெனி தெருவில் புடவைக் கடை, நகைக் கடை, கருவேப்பிலைக் கட்டு எல்லாம் தாண்டி வடக்கே நடந்தால், தலைக்கு மேலே மெட்ரோ ஓடும் இரும்புப் பாலம் வரும். பாலத்தைக் கடந்ததும் தெருவின் பெயர் மர்க்ஸ் தொர்முவா என்றாகிறது. இன்னும் போனால் லா ஷப்பெல் தெரு. தெரு ஒன்றுதான், பெயர்தான் மாறிக்கொண்டே போகிறது. வலது கைப்பக்கம் பஜோல் தெருவில், 1985இல் வேறிடத்தில் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம். பிறகு 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் வந்து வேண்டிக்கொண்டதாகச் சொல்லும் பழைய தேவாலயம். தெரு முடியும் இடத்தில் அரங்கம். ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 12ஆம் எண் தடம். ஆனால் பாரிஸ் மெட்ரோவில் 14ஆம் எண் தடத்தில் மட்டும்தான் எல்லா நிலையத்திலும் லிஃப்ட். மற்ற இடங்களில் இறங்க ஒரு படிக்கட்டு, ஏற ஒரு படிக்கட்டு, சில நிலையங்களில் நடுவே சும்மா இன்னும் ஒன்று. சமதரையில் நாற்பது நிமிடம் நடப்பது எனக்கு அதைவிட மேல். இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ஒரு காபி குடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

அரங்கம் இந்த வருடம் பிப்ரவரியில்தான் திறந்தது. எட்டாயிரம் பேர் உட்காரலாம். காலணிக் கம்பெனியின் பெயர் அதற்கு. ஆனால் ஒலிம்பிக் விதிப்படி விளம்பரப் பெயர் கூடாது என்பதால் இப்போதைக்குப் பேட்டையின் பெயரால் அழைக்கிறார்கள்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது காலியாகக் கிடந்த பாதிக் கோர்ட்.

எஸ்.எல்.3 ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு சக்கர நாற்காலிப் பிரிவுகள் போக, நின்று ஆடுபவர்களுக்கு நான்கு. எஸ்.எல்.3, எஸ்.எல்.4 இரண்டும் கால் பாதிப்பு, 3இல் பாதிப்பு அதிகம். எஸ்.யூ.5 என்பது கை. எஸ்.எச்.6 குள்ளமானவர்களுக்கு. நின்று ஆடும் இந்த நான்கில் எஸ்.எல்.3 ஒற்றையர் மட்டும் பாதிக் கோர்ட்டில். அகலம்தான் பாதி, நீளம் குறைவதில்லை. நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் ஆட்டம், மறுபக்கம் மினுமினுவென்று பச்சையாகச் சும்மா கிடக்கிறது. காக் (இறகுப்பந்து) அந்தப் பக்கம் விழுந்தால் அவுட்.

காகிதத்தில் படித்தபோது "ஓ, சலுகை" என்று நினைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் புரிந்துபோனது, இது வேறு ஆட்டம். பக்கவாட்டில் ஓடவைத்துப் புள்ளி எடுக்க முடியாது. முன்னே இழு, பின்னே தள்ளு, மறுபடி முன்னே இழு. எதிராளி ஒரு அங்குலம் தப்பு செய்யும்வரை காத்திரு. ஒரு ராலி, அதாவது புள்ளி விழும்வரை மாறி மாறி அடிப்பது, ஒரு நிமிடம் தாண்டிப் போகிறது. எனக்கு நேர் கீழே ஆடியவருக்கு ஒரு கால் செயற்கைக் கால். பின்கோட்டுக்குப் போகும்போது அவர் திரும்பி ஓடுவதில்லை. நல்ல காலால் தரையை உந்தி, பொய்க்காலைக் கம்பாக ஊன்றி, அதன்மேலேயே சுழல்கிறார். ஊன்றும்போது 'டொக்' என்று ஒரு சத்தம், காக் அடிபடும் 'டப்'. டொக், டப், டொக், டப். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடினாலும் அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்ல முடிந்தது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நண்பர்கள் எனக்கு ரெண்டு பவுன்ஸ் கொடுத்திருக்கிறார்கள். பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகும் நான் அடிக்கலாம், அவர்களுக்கு ஒன்றுதான். அன்பினால் கொடுத்தது. ஆனால் கூட்டாளி வக்கீல் ஒரு செட் தோற்றால் "ரெண்டு பவுன்ஸ் குடுத்தா இப்படித்தான்" என்பான். ஜெயித்தால் ஒன்றும் சொல்லமாட்டான், தோளில் தட்டுவான். அந்தத் தட்டுதான் கூடுதலாக வலிக்கும்.

இங்கே யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. பாதிக் கோர்ட் ரெண்டு பேருக்கும் பாதிதான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நேற்று போக வர நடந்ததில் நல்ல கால் வீங்கிவிட்டது. எப்போதும் நல்ல கால்தான் மாட்டிக்கொள்ளும், வேலை முழுக்க அதன் தலையில். வெந்நீர், உப்பு, கட்டில். அண்ணையின் மனைவி இடியப்பமும் சொதியும் மேலே கொடுத்தனுப்பினார். டிக்கெட் வீண். சாயங்காலம் கடையில் உட்கார்ந்து பழங்கதை பேசினோம். அவர் 1989இல் வந்தாராம். அது வேறு கதை, எழுத எனக்கு உரிமையில்லை.

ஆகஸ்ட் 31, சனி

ரோலண்ட் காரோஸ்! நகரத்தின் மறு கோடி. பஸ்ஸில் போனேன், பஸ் எல்லாம் தாழ்தளம்.

செம்மண் தரையைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று முப்பது வருட ஆசை. தொட முடியவில்லை, ஆனால் பக்கத்துக் கோர்ட்டில் முதல் வரிசை கிடைத்தது. அது மண்ணே இல்லை, செங்கல் பொடி. அடியில் சுண்ணாம்புக் கல். அதன்மேல் சக்கர நாற்காலி போகும்போது பெரிய சக்கரம் இரண்டும் கோலம் போட்டமாதிரி வளைகோடு இழுக்கிறது. செட் முடிந்ததும் பணியாட்கள் தரைமேல் ஒரு வலையை இழுத்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். மறுபடி கோலம்.

இவர்களுக்கும் ரெண்டு பவுன்ஸ்தான், இரண்டாவது பவுன்ஸ் கோட்டுக்கு வெளியேயும் விழலாம். 1976இல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் என்ற இளைஞர் தொடங்கிவைத்த ஆட்டம், 1992 பார்சிலோனாவிலிருந்து பதக்க ஆட்டம். ஆனால் கவனித்தால், நல்ல ஆட்டக்காரர்கள் முடிந்தவரை முதல் பவுன்ஸிலேயே அடிக்கிறார்கள். இரண்டாவதுக்குக் காத்திருந்தால் எதிராளிக்கு நேரம் கிடைத்துவிடும். விதி கொடுத்ததை முழுக்கச் செலவழிக்காமல் வைத்திருப்பதும் ஒரு தந்திரம். நான் இருபது வருடமாக இரண்டாவது பவுன்ஸுக்கே காத்திருக்கிறேன்!

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஸ்பானியக்காரர், அறுபது வயதிருக்கும். தொடைக்கு மேலே துண்டித்த கால், கார்பன் பொய்க்கால், அரைக்கால் சட்டை. மறைக்கிற எண்ணமே இல்லை. நான் பேன்ட்டில் மறைத்துவைத்திருப்பதை அவர் என் நடையிலேயே கண்டுபிடித்துவிட்டார். கைபேசி மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். அவர் நின்று ஆடும் டென்னிஸ் ஆடுகிறாராம். சிலி, ஸ்பெயின், அமெரிக்கா, ஜப்பான் என்று போட்டிகள் நடக்கின்றன, ஊனத்தின் அளவைப் பார்த்து நான்கு பிரிவாகப் பிரிக்கிறார்கள். வீடியோ காட்டினார். தொழில்முறை வேகம் இல்லை, ஆனால் யாரும் யார் தோளிலும் தட்டவில்லை.

"பாராலிம்பிக்கில் இல்லையே?" என்றேன்.

"உட்கார்ந்தால் பதக்கம் உண்டு, நின்றால் கிடையாது" என்று மொழிபெயர்ப்பு வந்தது. சிரித்தார்.

அவர் சொன்னதற்கு இங்கேயே ஒரு சாட்சி இருக்கிறார். பிரிட்டனின் ஆல்ஃபி ஹியூவெட்டுக்குச் சின்ன வயதில் பெர்த்தஸ் என்ற இடுப்பு எலும்பு நோய். அவரால் நடக்க முடியும். ஆனால் டென்னிஸ் ஆட நாற்காலியில் உட்காருகிறார். உன் ஊனம் போதாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் வகைப்பாட்டு விதி அவரை வெளியே தள்ளப் பார்த்தது. 2021 நவம்பரில் விதியைத் திருத்திய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. நடக்கிறவனுக்குச் சாதாரண டென்னிஸ் முடியாது, நாற்காலி டென்னிஸுக்கு ஊனம் போதாது. இந்த இடுக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். பஸ்ஸில் மாற்றுத்திறனாளி இருக்கையில் உட்கார்ந்தால், "நல்லாத்தானே இருக்கீங்க" என்று ஒருவர் எழுப்புவார். எழுந்து நாலு அடி நடந்ததும் அவரே "உக்காருங்க சார்" என்பார்.

டென்னிஸ் விதிப்புத்தகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு வரி உண்டு. ஒரு கையை மட்டுமே பயன்படுத்த முடிந்தவர் சர்வீஸுக்குப் பந்தை ராக்கெட்டாலேயே மேலே போடலாம். ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ரெட்ல் இரண்டாம் உலகப் போரில் இடது கையை இழந்துவிட்டு, ராக்கெட்டின்மேல் பந்தை வைத்து எம்பவிட்டு அடித்தே 1947 விம்பிள்டனில் நான்காம் சுற்றுவரை போனார். எனக்கும் இடது கை தொடையில்தான் இருக்கிறது. சர்வீஸின்போது அதை எடுத்தால் சாய்வேன். அந்த வரியைக் காட்டி ஒருமுறை வக்கீலிடம் வாதாடினேன். "உனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு, காலுக்குப் பதில் வேலை பாக்குது. இந்தப் பிரிவுல நீ வரமாட்டே" என்று தள்ளுபடி செய்துவிட்டான். சட்டப்படி சரிதான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அரங்கத்துக்கு இன்று தனியாகப் போகவில்லை. கடைக்கார அண்ணை, அவர் மகள், மகளின் சிநேகிதிகள் இருவர். காரணம், எஸ்.யூ.5 பெண்கள் அரையிறுதியில் துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாஸும். காஞ்சிபுரம் எதிர் திருவள்ளூர். பாரிஸில்!

துளசிமதி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி. இடது கையில் பிறவியிலேயே குறை. மனிஷாவுக்குப் பிறக்கும்போதே வலது கை நரம்பில் அடி. 2022இல் உலகச் சாம்பியன். ஒரே பிரிவில் ஆடுகிறவர்கள், ஒருவர் அடி இன்னொருவருக்கு மனப்பாடம்.

யாருக்குக் கை தட்டுவது என்று எங்கள் வரிசையில் குழப்பம். அண்ணையின் மகள் தீர்த்துவைத்தாள்: "இந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கு." கோர்ட் மாறினால் ஆளும் மாறும். முதல் கேம் 23-21. இருபதுக்குப் பிறகு எங்கள் ஐந்து பேருக்கும் குரல் போய்விட்டது. இரண்டாவது 21-17. துளசிமதி இறுதிக்கு.

கையில் குறை என்றால் ஆட்டத்துக்கு என்ன, ராக்கெட் மற்றக் கையில்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. பார்த்தால் தெரிகிறது, மற்றக் கைதான் துலாக்கோல். ஸ்மாஷுக்கு எம்பும்போது அந்தக் கை மேலே நீண்டு இறகுப்பந்தைக் குறிபார்க்கவேண்டும், திரும்பும்போது பின்னால் வீசி உடம்பை நிறுத்தவேண்டும். அது பாதி வழியில் நின்றுவிட்டால் எல்லா வேலையும் இடுப்புக்கு வந்துவிடுகிறது. கால் போனவனுக்குக் கை வேலை செய்கிறது, கை போனவளுக்கு இடுப்பு. கூலி வாங்காத உறுப்பே கிடையாதுபோல.

ஆட்டம் முடிந்து வலைக்கடியில் இருவரும் கட்டிக்கொண்டபோது சுற்றியிருந்தவர்களுக்கு இரண்டு இந்தியர்கள். எங்களுக்கு இரண்டு பேர் வீட்டுக் கவலை.

செப்டம்பர் 2, திங்கள்

எழுத நிறைய இருக்கிறது, கை நடுங்குகிறது.

எஸ்.எல்.3 ஆண்கள் இறுதி: நிதேஷ் குமார், பிரிட்டனின் டேனியல் பெத்தெல். டோக்கியோவில் தங்கம் வென்ற பிரமோத் பகத் இந்தமுறை இல்லை. அப்போது வெள்ளி வாங்கியவர் பெத்தெல். நிதேஷ் 2009இல் ரயில் விபத்தில் சிக்கிக் கால் பாதிக்கப்பட்டவர், பிறகு மண்டி ஐஐடியில் பொறியியல் படித்தவர். இதற்கு முன் பெத்தெலை அவர் வென்றதே இல்லை.

ஒரு மணி இருபது நிமிடம். அந்தப் பாதிக் கோர்ட்டில்! 21-14, 18-21. மூன்றாவது கேமில் யாரும் உட்காரவில்லை, நானும்தான், முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருவரும் களைத்துவிட்டார்கள் என்பது முகத்தில் தெரியாது, அடுத்த சர்வீஸுக்குப் போகும் நடையில் தெரியும். ராலி நடக்கும்போது மறைந்திருந்த நொண்டல், காக் தரையில் விழுந்ததும் வெளியே வந்துவிடுகிறது. நிதேஷ் துண்டை எடுக்கப் போகும்போது என்னைப்போலவே நடந்தார். திரும்பி வந்து கோட்டில் நின்றதும் அது காணாமல் போய்விட்டது. 23-21. கடைசிப் புள்ளி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, அந்த நேரம் பார்த்து முன்னால் இருந்தவர் எகிறிக் குதித்துவிட்டார்.

துளசிமதி சீனாவின் யாங் சியுஷியாவிடம் 17-21, 10-21. யாங் டோக்கியோவிலும் தங்கம் வென்றவர், எதுவும் தப்பமாட்டேன் என்கிறது. வெள்ளி. மனிஷா டென்மார்க்கின் ரோசன்கிரனை 21-12, 21-8 என்று முடித்து வெண்கலம். ஒரே மேடையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். எனக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுப் பாட்டி "இரண்டு பேரும் ஒரே ஊரா?" என்று கேட்டதாக அண்ணையின் மகள் சொன்னாள். "ஓம்" என்று சொல்லிவிட்டாளாம். காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டருக்குமேல் இருக்கும், பாரிஸிலிருந்து பார்த்தால் ஒரே ஊர்தான்.

சுஹாஸ் யதிராஜ் ஐஏஎஸ் ஆட்டத்தில் எதிராளி பிரான்ஸின் லூக்கா மசூர். அரங்கமே காலால் தரையைத் தட்டியது. 9-21, 13-21. அந்தச் சத்தத்தில் யார் ஆடினாலும் தோற்பார்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் மசூர் சத்தமில்லாமலும் ஜெயித்திருப்பார்.

இரவு கடைசியில் ஓசூர் நித்யஸ்ரீ சிவன், எஸ்.எச்.6 வெண்கல ஆட்டம். எதிரே இந்தோனேசியாவின் ரினா மார்லினா. கலப்பு இரட்டையரில் நித்யஸ்ரீ, சிவராஜன் சோலைமலை ஜோடியிடமிருந்து வெண்கலத்தைப் பறித்த அதே ரினா. இந்தமுறை 21-14, 21-6. இருபது நிமிடம் கூட ஆகியிருக்காது என்று தோன்றியது. நித்யஸ்ரீ அழுதாள், அண்ணையும் அழுதார், நான் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனேன்.

திரும்பி நடக்கத் தெம்பில்லை, டாக்ஸி. நாற்பத்தொரு படியில் பதினாறாவதில் உட்கார்ந்துதான் இதைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கிளம்பும் நாள். அண்ணை மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்று தந்து, "பிள்ளையாரிட்டை ஒருக்கால் போட்டுப் போங்கோ" என்றார். கோயிலில் கூட்டமில்லை. ஒரு சின்னப் பையன் பிராகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். என் நடையைப் பார்த்து நின்றான், அதேமாதிரி இரண்டு எட்டு நடந்து பார்த்தான். அவன் அம்மா பதறினார். கை எப்படி வைக்கவேண்டும் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன், அவன் தப்பாக வைத்திருந்தான்.

விமான நிலையத்தில் வக்கீலுக்கு ஒரு செய்தி போட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக் கட்டி கொண்டுவா. ரெண்டு பவுன்ஸ் வேண்டாம். பாதிக் கோர்ட் ஆடுவோம், ரெண்டு பேருக்கும் பாதி."

நீல டிக் விழுந்து பத்து நிமிடம் பதிலில்லை. பிறகு வந்தது: "எனக்கும் பாதியா? நான் எதுக்கு?"

"விதி."

"சரி. பாதின்னா டபுள்ஸ் கோடு வரைக்குமா, சிங்கிள்ஸ் கோடு வரைக்குமா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டுக்கும் நடுவே 1.37 மீட்டர். எனக்கு அது மூன்று எட்டு, அவனுக்கு ஒன்று. சிங்கிள்ஸ் என்று அடித்தேன். ஆட்சேபணை என்று வந்தது. போர்டிங் கூப்பிட்டுவிட்டார்கள், துபாயில் இறங்கி மீதியைப் பார்க்கவேண்டும்.